சூடேற்றிய அறையில் யோகாசனம் பயில்வோருக்கு

உடலிலிருந்து சொட்டி விரிப்பில் விழும் வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை. தோலின் மேல் பரவி அங்கேயே காயும் வியர்வைதான் குளிர்விக்கிறது. சூடேற்றிய அறையில் யோகா பயில விரும்புகிறவர் வேறு எதையும் கற்றுக்கொள்ளும் முன் இந்த ஒன்றை மனத்தில் இருத்திக்கொண்டால், எவ்வளவு தண்ணீர் குடிப்பது, எங்கே விரிப்பை விரிப்பது, எப்போது ஆசனத்தை விட்டு அமர்ந்துவிடுவது என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை காண்பது எளிதாகிவிடும். நம் தோலின் வெப்பநிலை சுமார் 35 டிகிரி செல்சியஸ். அறைக் காற்று 40 டிகிரியில் இருக்கும்போது, உடலிலிருந்து வெளியேற வேண்டிய வெப்பம் வெளியேறாமல் போவதோடு, காற்றின் வெப்பமும் உடலுக்குள் ஏறுகிறது. தசைகள் உழைப்பதால் உள்ளேயும் வெப்பம் பிறக்கிறது. இவையெல்லாம் வெளியேற மிஞ்சியிருக்கும் ஒரே வழி வியர்வை ஆவியாவதுதான். அறையில் ஈரப்பதம் ஏற ஏற அந்த வழியும் அடைபட்டுக்கொண்டே வருகிறது.

குளிர்நாடுகளில் வாழ்பவர்களுக்கு இந்த அறையின் ஈர்ப்பு எளிதில் விளங்கும். வெளியே வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 15 டிகிரியில் இருக்க, நாலைந்து அடுக்கு உடைகளுக்குள் தோள்களைக் குறுக்கிக்கொண்டு நடந்து வந்த உடல், உள்ளே நுழைந்த சில நிமிடங்களில் இறுக்கம் தளர்ந்து கொடுப்பதை டொராண்டோவின் ஒன்பது குளிர்காலங்களில் நான் ஒவ்வொரு முறையும் நன்றியோடு உணர்ந்திருக்கிறேன். அந்த இதத்தின்மேல் எனக்குள்ள பற்றுதான், அதைச் சரியாகத் தெரிந்துகொள்ளாமல் உடலைக் கெடுத்துக்கொள்பவர்களைக் காணும்போது என்னை இதை எழுதத் தூண்டியது.

அறையைத் தெரிந்துகொள்ளுதல்

சூடான அறையில் ஆசனம் செய்வது தொன்றுதொட்டு வந்த யோக மரபு என்று சிலர் சொல்வதுண்டு. அது சரியன்று. பயிற்சியால் எழும் வியர்வையை உடலிலேயே தேய்த்துக்கொள்ளச் சொல்லும் ஹடயோகப் பிரதீபிகை என்ற பழைய யோக நூல்தான், தொடக்கநிலைச் சாதகர் நெருப்பின் அருகே அமர்ந்து குளிர்காய்வதைத் தவிர்க்க வேண்டும் என்றும் சொல்கிறது; உழைப்பிலிருந்து பிறக்கும் வெப்பத்தையும் வெளியிலிருந்து ஏற்றும் வெப்பத்தையும் அந்த நூல் ஒன்றாகக் கருதவில்லை. இன்று நாம் காணும் சூடேற்றிய அறை 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோன்றியது. பரமஹம்ச யோகானந்தரின் தம்பியும், கொல்கத்தாவில் 1923-இல் உடற்பயிற்சிக் கல்லூரியை நிறுவியவருமான பிஷ்ணு சரண் கோஷிடம் பயின்ற பிக்ரம் சௌத்ரி, 1970-களில் அமெரிக்காவில் குடியேறி, 26 ஆசனங்களும் 2 மூச்சுப் பயிற்சிகளும் அடங்கிய 90 நிமிட வரிசையை 105 டிகிரி பாரன்ஹீட், அதாவது சுமார் 40.6 டிகிரி செல்சியஸ் வெப்பமும் 40 சதவீத ஈரப்பதமும் உள்ள அறையில் பயிற்றுவித்துப் பரப்பினார். அந்த வரிசைக்குப் பதிப்புரிமை கோர முடியாது என்று 2015-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது. பிக்ரம்மீது பாலியல் துன்புறுத்தல் குற்றச்சாட்டுகள் எழுந்து, அவருடைய முன்னாள் சட்ட ஆலோசகருக்கு இழப்பீடு வழங்குமாறு 2016-இல் லாஸ் ஏஞ்சலிஸ் நடுவர் குழு முடிவுசெய்தது. அதன்பின் பல பயிற்சிக்கூடங்கள் அவர் பெயரை விட்டுவிட்டு வரிசையை மட்டும் வைத்துக்கொண்டன.

எனவே இன்று ‘ஹாட் யோகா’ என்ற பெயர்ப்பலகையை மட்டும் பார்த்து உள்ளே என்ன இருக்கும் என்று சொல்லிவிட முடியாது. ஓரிடத்தில் 40 டிகிரியில் அசையாமல் நின்று பிடிக்கும் ஆசனங்கள் இருக்கும். வேறோரிடத்தில் 32 டிகிரியில் ஓட்டமாகச் செல்லும் வின்யாச முறை இருக்கும். இன்னோரிடத்தில் அகச்சிவப்புப் பலகைகள் கூரையிலிருந்து உடலை நேராகச் சூடாக்கும். சேரும் முன் தொலைபேசியில் கேட்க வேண்டியவை மூன்றே: அறையின் வெப்பநிலை எவ்வளவு, ஈரப்பதம் எவ்வளவு, இரண்டையும் அளக்கும் கருவி பயில்பவர் கண்ணில் படும்படி அறைக்குள் இருக்கிறதா. மூன்றாவது கேள்விக்கான பதிலே ஒரு கூடத்தின் பொறுப்புணர்வை எனக்குக் காட்டிவிடும். 40 பேர் நெருக்கி நிற்கும் வகுப்பில் அவர்களின் மூச்சாலும் வியர்வையாலும் ஈரப்பதம் பாதி நேரத்துக்குள் நன்றாகவே ஏறிவிடும். வகுப்பு தொடங்கும்போது பார்த்த அளவை நம்பிப் பயனில்லை. கருவி இருந்தால்தான் ஆசிரியர் கதவைத் திறந்துவிடவோ வெப்பத்தைக் குறைக்கவோ முடியும்.

தொடக்கத்தில் 32 முதல் 35 டிகிரி வரையுள்ள அறையே போதும் என்பது என் உறுதியான கருத்து. டெக்சாஸ் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், உடலுழைப்புப் பழக்கமில்லாத நடுவயதினர் 12 வாரங்கள் அதே 26 ஆசன வரிசையைச் செய்தனர். ஒரு பிரிவினர் 40.5 டிகிரியிலும் மற்றொரு பிரிவினர் 23 டிகிரியிலும் பயின்றனர். இரத்தக் குழாய்கள் விரிந்து கொடுக்கும் திறன் இரு பிரிவிலும் மேம்பட்டது. சூடு அதற்குத் தேவைப்படவில்லை. ஆகவே குறைந்த வெப்பத்தில் பயில்பவர் ஆசனங்களின் பயனை இழந்துவிடுவதாக எண்ண வேண்டியதில்லை. வியர்வையோடு உடலின் நச்சுகள் வெளியேறிவிடும் என்பதும் விளம்பரப் பேச்சுதான். அந்த வேலையைச் செய்பவை கல்லீரலும் சிறுநீரகங்களும். வகுப்பு முடிந்து எடைபோடும்போது குறைந்திருக்கும் ஒரு கிலோ கொழுப்பன்று, தண்ணீர். இரவுக்குள் அது திரும்பிவிடும், திரும்பவும் வேண்டும்.

யார் தவிர்க்க வேண்டும்

கருவுற்றிருப்பவர்களும், கருவுற்றிருக்கக்கூடும் என்ற நிலையில் இருப்பவர்களும் சூடேற்றிய அறைக்குள் செல்லவே கூடாது. கருவின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் முதல் சில வாரங்களில் தாயின் உள்ளுடல் வெப்பநிலை 39 டிகிரிக்கு மேல் உயர்வது நரம்புக்குழாய்க் குறைபாடுகளோடு தொடர்புடையது. அமெரிக்க மகப்பேறு மருத்துவர்களின் தலைமை அமைப்பும் கர்ப்ப காலத்தில் இதைத் தவிர்க்கவே அறிவுறுத்துகிறது. இதயநோய் உள்ளவர்கள், முன்பு வெப்பத்தால் மயங்கி விழுந்தவர்கள், அடிக்கடி சிறுநீரகக் கல் தோன்றுபவர்கள், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் நரம்பு நோய் உள்ளவர்கள் ஆகியோர் மருத்துவரிடம் கேட்காமல் செல்வது தவறு. காய்ச்சல், வயிற்றுப்போக்கு, முந்தைய இரவு மது அருந்தியிருத்தல் ஆகியவற்றில் எது இருந்தாலும் அன்றைய வகுப்பை விட்டுவிட வேண்டும்.

மருந்துகளைப் பற்றிக் கூடங்களில் யாரும் கேட்பதில்லை, நாமும் சொல்வதில்லை. இரத்த அழுத்தத்துக்காகத் தரப்படும் சிறுநீர்பெருக்கி மாத்திரைகள் உடல்நீரைக் குறைக்கின்றன. பீட்டா பிளாக்கர் வகை மாத்திரைகள் இதயத் துடிப்பு தேவைக்கேற்ப உயர்வதைத் தடுக்கின்றன. சளிக்கும் ஒவ்வாமைக்கும் எடுக்கும் சில மாத்திரைகள் வியர்ப்பதையே மட்டுப்படுத்துகின்றன. மனநலச் சிகிச்சைக்காக லித்தியம் எடுப்பவருக்கு உடல்நீர் குறைந்தால் இரத்தத்தில் அம்மருந்தின் அளவு ஆபத்தான நிலைக்கு ஏறக்கூடும்.

நம் குடும்பங்களில் நீரிழிவு பரவலாக இருப்பதால் அதைத் தனியே சொல்ல வேண்டும். இன்சுலின் போட்டுக்கொள்பவருக்குத் தோல் சூடாகும்போது மருந்து வழக்கத்தைவிட விரைவாக இரத்தத்தில் கலந்து, சர்க்கரை திடீரெனத் தாழ்ந்துவிடலாம். வியர்த்தல், நடுக்கம், படபடப்பு, மனம் தெளிவின்மை ஆகிய தாழ்சர்க்கரையின் அறிகுறிகள் அனைத்தும் சூடான அறையில் இயல்பாகத் தோன்றுபவை போலவே இருப்பதால், பக்கத்தில் நிற்பவர் மட்டுமன்றித் தாமே கூட அதைச் சூட்டின் விளைவென்று எண்ணிப் பொறுத்துக்கொண்டிருக்க நேரும். ஆகவே வகுப்புக்கு முன்னும் பின்னும் சர்க்கரை அளவைப் பார்ப்பதும், ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பதும், குளுக்கோஸ் வில்லைகளையோ பழச்சாற்றையோ விரிப்பின் அருகே வைத்துக்கொள்வதும் கட்டாயம். இன்சுலின் பேனாவை அறைக்குள் கொண்டு செல்லக் கூடாது. அந்தச் சூட்டில் மருந்து கெட்டுவிடக்கூடும். பல ஆண்டு நீரிழிவால் பாதங்களில் உணர்வு குன்றியவர்கள் விரிப்பின்மேல் காலை அழுத்தி நிற்கும்போது உரசலையும் கொப்புளத்தையும் அறியாமல் போகலாம் என்பதால், வீடு திரும்பியதும் பாதங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தண்ணீர், உப்பு, உணவு

வகுப்புக்கு இரண்டரை அல்லது மூன்று மணி நேரத்துக்கு முன் உணவை முடித்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகு பசித்தால் ஒரு வாழைப்பழம் போதும். காலை வகுப்புக்கு வெறும் வயிற்றோடு செல்லும் பழக்கம் குளிர்ந்த அறையில் பொருந்துமே தவிர, 90 நிமிடச் சூட்டில் பலருக்குத் தலைசுற்றலைத் தருகிறது. நான் ஒரு தம்ளர் கஞ்சி குடித்து ஒரு மணி நேரம் கழித்தே செல்கிறேன். வகுப்புக்கு முந்தைய இரண்டு மணி நேரத்தில் அரை லிட்டர் தண்ணீரைச் சிறிது சிறிதாகக் குடித்துவிட வேண்டும். வாசலில் நின்று ஒரே மூச்சில் ஒரு லிட்டரைக் குடிப்பவருக்கு முன்வளையும் ஆசனங்களில் அந்தத் தண்ணீர் தொண்டைவரை எழும்பும்.

நம் உடல் எவ்வளவு நீரை இழக்கிறது என்பதைப் பிறர் சொல்லிக் கேட்பதைவிட நாமே அளந்து அறிவது நல்லது. வகுப்புக்கு முன் சிறுநீர் கழித்துவிட்டு, குறைந்த உடையில் எடை பார்க்க வேண்டும்; வகுப்பு முடிந்து வியர்வையை நன்கு துடைத்தபின் அதே போல மீண்டும் பார்க்க வேண்டும். 68 கிலோ இருந்தவர் வகுப்பில் 400 மில்லிலிட்டர் தண்ணீர் குடித்தும் 67.2 கிலோவுக்கு வந்திருந்தால், குறைந்த 800 கிராமோடு குடித்த 400-ஐயும் சேர்த்து, அவர் 1.2 லிட்டர் வியர்த்திருக்கிறார் என்று கொள்ளலாம். உடல் எடையில் 2 சதவீதம், அதாவது இவருக்குச் சுமார் 1.4 கிலோ, குறையும் அளவுக்கு விடக் கூடாது. அதற்கு மேல் இதயம் கூடுதலாக உழைக்க நேரிடுகிறது, மனத்தின் கவனமும் மங்குகிறது. குறைந்த எடையைவிட நான்கில் ஒரு பங்கு முதல் பாதி வரை கூடுதலான நீரை அடுத்த சில மணி நேரத்தில் மெல்ல மெல்லக் குடித்து ஈடுசெய்ய வேண்டும். மூன்று நான்கு வகுப்புகளில் இப்படிப் பார்த்துவிட்டால் நமக்குரிய அளவு பிடிபட்டுவிடும், பிறகு தராசு தேவைப்படாது.

வியர்வையோடு உப்பும் போகிறது. ஒரு லிட்டர் வியர்வையில் ஏறத்தாழ அரை கிராம் முதல் ஒன்றரை கிராம் வரை சோடியம் இருக்கும். இந்த அளவு ஆளுக்கு ஆள் பெரிதும் மாறும். காய்ந்த உடையில் வெண்மையாக உப்புப் படிபவர்கள் அதிகம் இழப்பவர்கள். இழந்த உப்பை ஈடுசெய்யாமல் வெறும் தண்ணீரை மட்டும் மிகுதியாகக் குடித்துக்கொண்டே இருந்தால் இரத்தத்தில் சோடியத்தின் அடர்த்தி தாழ்ந்து தலைவலியும் குமட்டலும் தோன்றும்; மிகவும் தாழ்ந்தால் உயிருக்கே ஆபத்து. உப்புப் போட்ட நீர்மோரும், உப்பும் சர்க்கரையும் சேர்த்த எலுமிச்சைச் சாறும் இதற்கு மிகப் பொருத்தமானவை. ஒரு லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய ஆறு தேக்கரண்டிச் சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்த கரைசலும் நல்லது. இளநீரில் பொட்டாசியம் நிறைய உண்டு, சோடியம் குறைவு. எனவே இளநீரை மட்டும் நம்புபவர் அதோடு உப்புள்ள உணவு ஏதேனும் உண்ண வேண்டும். உப்பைக் குறைக்குமாறு மருத்துவர் சொல்லியிருந்தால் இந்தப் பத்தியைப் பின்பற்றாமல் அவரையே கேட்டுக்கொள்க.

உள்ளே செல்லும் முதல் நாள்

உடை குறைவாகவும் உடலை ஒட்டியும் இருக்கட்டும். நனைந்து கனக்கும் பருத்தியைவிட விரைவில் காயும் துணி ஏற்றது. விரிப்பின் முழு நீளத்தையும் மூடும் துண்டு ஒன்றும், முகம் துடைக்கச் சிறு துண்டு ஒன்றும் வேண்டும். விரிப்பு வியர்வையால் நனைந்தால் வழுக்கும். ஒற்றைக் காலில் நிற்கும் ஆசனங்களில் வழுக்கி முழங்காலைத் திருகிக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் தோலில் படர்ந்திருக்கும் வியர்வையை ஒவ்வொரு நிமிடமும் துடைத்துக்கொண்டிருக்க வேண்டாம். அது காய்ந்தால்தான் உடல் குளிரும். கண்ணில் வழிவதையும் கை பற்ற முடியாமல் வழுக்குவதையும் துடைத்தால் போதும்.

சூடான காற்று மேலே எழும் என்பதால் நிற்கும்போது தலைமட்டத்தில் இருக்கும் வெப்பம் தரையில் இருப்பதைவிடக் கூடுதல். முதல் நாள் கதவுக்கு அருகிலும், வெப்பக் காற்று வரும் துவாரத்துக்கும் அகச்சிவப்புப் பலகைக்கும் நேர்கீழே அல்லாமலும் இடம் பிடிக்க வேண்டும். பத்து நிமிடம் முன்னதாகச் சென்று அசையாமல் படுத்திருந்தால், இதயத் துடிப்பு ஏறுவதையும் தோல் சிவப்பதையும் அமைதியாகக் கவனிக்க முடியும்.

இனி இந்தக் கையேட்டில் நான் மிக முக்கியமாகக் கருதுவதற்கு வருகிறேன். சூட்டில் தசையும் தசைநாரும் எளிதில் நீள்கின்றன. அதே நேரத்தில், இதற்கு மேல் வேண்டாம் என்று தசை தரும் எச்சரிக்கை வலியும் மங்கிவிடுகிறது. இரண்டும் சேரும்போது, வீட்டில் முழங்காலைத் தாண்டாத கை இங்கே பாதத்தைப் பற்றிவிடுகிறது. பயில்பவர் அதைத் தம் முன்னேற்றம் என்று நம்பிவிடுகிறார். என் இரண்டாம் குளிர்காலத்தில் நானும் அப்படி நம்பி, நின்றபடி ஒரு காலை நீட்டிப் பிடித்துத் தலையை முழங்காலில் வைக்கும் ஆசனத்தில் வகுப்புக்கு வகுப்பு கூடுதலாகக் குனிந்துகொண்டே போனேன். அறையில் எந்த வலியும் தெரியவில்லை. ஒரு நாள் காலை படுக்கையிலிருந்து எழும்போது, தொடையின் பின்தசை உட்காரும் எலும்போடு சேரும் இடத்தில் சுளீரென்று பிடித்தது. நாற்காலியில் வலியின்றி அமர ஏழு மாதங்கள் ஆயின.

ஆகவே, எவ்வளவு தூரம் வளையலாம் என்பதை உடலின் இளக்கத்தைக் கொண்டு தீர்மானிக்கக் கூடாது. மூச்சைக் கொண்டு தீர்மானிக்க வேண்டும். வாயை மூடி, மூக்கின் வழியே சத்தமின்றி மூச்சை இழுத்துவிட முடிகிற இடம் எதுவோ அதுவே அன்றைய எல்லை. மூச்சு வாய்வழி வரத் தொடங்கினால் ஆசனத்தைத் தளர்த்த வேண்டும். தளர்த்தியும் பத்துப் பன்னிரண்டு மூச்சுக்குள் மூக்குக்குத் திரும்பாவிட்டால் உட்கார்ந்துவிட வேண்டும். நீட்டும் தசையை முழுக்கத் தளர்த்திவிடாமல் சற்றே இறுக்கி வைத்திருப்பதும், குளிர்ந்த அறையில் போகும் தூரத்துக்கு ஒரு சாண் முன்பே நின்றுகொள்வதும் முதல் ஆண்டு முழுவதும் கடைப்பிடிக்கத் தக்கவை. முழங்காலைப் பூட்டி நிற்கும்படி இந்த வரிசையில் அடிக்கடி சொல்வார்கள். இயல்பிலேயே மூட்டு பின்னோக்கி வளையும் உடல்வாகு கொண்டவர்கள் அதை அப்படியே செய்தால் எடை முழுவதும் மூட்டின் பின்புறத் தசைநார்களில் தொங்கும். அவர்கள் முழங்காலை மயிரிழை அளவு மடக்கி, தொடையின் முன்தசையை இறுக்கி நிற்பதே சரி.

தலைசுற்றல் எப்போது வரும் என்பதை முன்பே அறிந்திருந்தால் அச்சம் குறையும். சூட்டில் தோலின் இரத்தக் குழாய்கள் விரிந்து, இரத்தம் தோலிலும் கால்களிலும் தங்குகிறது. குனிந்த நிலையிலிருந்து சட்டென்று நிமிரும்போது மூளைக்குச் செல்லும் இரத்தம் சில நொடிகள் குறைகிறது. பாதஹஸ்தாசனம் போன்றவற்றிலிருந்து எழும்போது முழங்காலைச் சற்று மடக்கி, இரண்டு மூன்று மூச்சுகளை எடுத்துக்கொண்டு, தலையைக் கடைசியாக நிமிர்த்த வேண்டும். 26 ஆசன வரிசையில் புதியவர்கள் மிகுதியும் தடுமாறுவது உஷ்ட்ராசனத்தில்தான். முழங்காலிட்டுத் தலையைப் பின்னே சாய்க்கும் அந்த ஆசனம், ஒரு மணி நேரத்துக்கும் மேலாக வியர்த்துக் களைத்த பிறகு, வகுப்பின் இறுதிப் பகுதியில் வருகிறது. கைகளைக் குதிகால்களுக்குக் கொண்டுசெல்லாமல் இடுப்பிலேயே வைத்து, பார்வையைக் கூரைவரை மட்டும் உயர்த்தி, மார்பை மேலே தூக்கினால் முதல் மாதத்துக்கு அதுவே நிறைவான உஷ்ட்ராசனம். இறுதியில் வரும் கபாலபாதியையும் வேகமாகச் செய்ய வேண்டாம். விரைந்த மூச்சால் இரத்தத்தில் கரியமில வாயு குறைவதும் தலையைச் சுற்றவைக்கும்.

இந்த வரிசையில் பெரும்பாலான ஆசனங்களை இரண்டு முறை செய்வார்கள். முதல் மூன்று வாரங்கள் இரண்டாம் முறையில் அமர்ந்திருந்து மூச்சை மட்டும் கவனிப்பதில் எந்தக் குறையும் இல்லை. என்ன ஆனாலும் அறையை விட்டு வெளியே போகக் கூடாது என்று அறிவுறுத்தும் ஆசிரியர்கள் உண்டு. வியர்வை பொங்கும்போது தோன்றும் வெறும் அலுப்புக்கு அது பொருந்தலாம். குமட்டல், தலைவலி, காதில் இரைச்சல், பார்வை இருள்தல், அந்தச் சூட்டிலும் உடல் குளிர்ந்து மயிர்க்கூச்செறிதல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் யாருடைய அனுமதிக்கும் காத்திராமல் வெளியேற வேண்டும். எழுந்து நடக்க முடியாதபடி தலை சுற்றினால் முதலில் படுத்து, கால்களைச் சுவர்மேல் உயர்த்தி, தெளிந்தபின் துணையோடு வெளியே செல்லலாம்.

பக்கத்தில் பயில்பவர் குழறிப் பேசினாலும், தள்ளாடினாலும், சொல்வதைப் புரிந்துகொள்ளாமல் விழித்தாலும் அது வெறும் களைப்பன்று. உள்ளுடல் வெப்பநிலை 40 டிகிரியைத் தாண்டியதால் வரும் ஹீட் ஸ்ட்ரோக் என்றே கொள்ள வேண்டும். அந்நிலையில் அவருக்கு வியர்த்துக்கொண்டும் இருக்கலாம், வியர்வை நின்றும் போயிருக்கலாம். உடனே வெளியே கொண்டுவந்து, ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு (கனடாவில் 911, தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990), அது வந்து சேரும்வரை காத்திராமல் உடலைக் குளிர்விக்கத் தொடங்க வேண்டும். குளிர்ந்த நீர்த்தொட்டி இருந்தால் கழுத்துவரை அதில் இருத்தித் தலையைத் தாங்கிப் பிடிப்பது மிக நல்லது. இல்லையென்றால் தண்ணீரை ஊற்றி விசிறியும், கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் பனிக்கட்டி வைத்தும் குளிர்விக்கலாம். நினைவு தெளிவாக இல்லாதவருக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது. காய்ச்சல் மாத்திரை இந்தச் சூட்டைத் தணிக்காது.

வகுப்புக்குப் பின்

சவாசனத்தில் குறைந்தது ஐந்து நிமிடமாவது கிடந்துவிட்டு, பக்கவாட்டில் புரண்டு எழுந்து, வெளிக்கூடத்தில் கால் மணி நேரம் உட்கார வேண்டும். உடனே வெந்நீரில் குளிப்பதும் சானா என்னும் வெப்ப அறைக்குள் செல்வதும் இன்னும் தணியாத உடலுக்குப் பெரும் சுமை. வெதுவெதுப்பான நீரே ஏற்றது. குளிர்நாடுகளில் நனைந்த உடையோடும் ஈரத் தலையோடும் வெளியே இறங்கினால், விரிந்திருக்கும் தோல்குழாய்கள் வழியே வெப்பம் மிக வேகமாக வெளியேறி உடல் நடுங்கும். உள்ளாடை முதல் எல்லாவற்றையும் மாற்றி, தலையைத் துவட்டித் தொப்பி அணிந்த பிறகே புறப்பட வேண்டும். ஈரமும் சூடும் உள்ள தரையில் பூஞ்சை நன்கு வளரும் என்பதால் உடைமாற்றும் இடத்தில் செருப்பு அணிவதும், விரிப்பையும் துண்டையும் அன்றே துவைத்துக் காயவைப்பதும், விரல் இடுக்குகளை உலர்த்துவதும் படையும் சேற்றுப்புண்ணும் வராமல் காக்கும். இரவல் விரிப்பைப் பயன்படுத்த வேண்டாம்.

உடல் சூட்டுக்குப் பழக 7 முதல் 14 நாள் வரை தேவைப்படும். அதற்குள் இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும், வியர்வை முன்னதாகவே சுரக்கத் தொடங்கும், அதில் உப்பும் குறையும். முதல் இரு வாரங்கள் ஒரு நாள் விட்டு ஒரு நாள், முழு நேரமும் நிற்காமல் 40 அல்லது 50 நிமிடத்தோடு வெளியே வருவது என் பரிந்துரை. ஒரு மாதம் இடைவெளி விட்டால் இந்தப் பழக்கம் பெரும்பாலும் கரைந்துபோகும். பயணத்துக்குப் பிறகோ நோய்க்குப் பிறகோ திரும்புகிறவர், எத்தனை ஆண்டு பயின்றவராயினும், கதவோரத்து இடத்திலிருந்தே மீண்டும் தொடங்க வேண்டும்.

வீட்டிலும் வெப்ப ஊர்களிலும்

வீட்டு அறையைச் சூடேற்றிக்கொள்ள விரும்புகிறவர் எரியும் எதையும் அதற்குப் பயன்படுத்தக் கூடாது. கரி அடுப்பும், புகைபோக்கியில்லாத எரிவாயு அடுப்பும் மூடிய அறையில் கார்பன் மோனாக்சைடை உண்டாக்கும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, அதனால் வரும் தலைவலியையும் மயக்கத்தையும் பயில்பவர் சூட்டின் விளைவென்றே எண்ணிக்கொள்வார். மின் சூடேற்றியைத் துண்டும் விரிப்பும் படாத தொலைவில் வைத்து, 30 அல்லது 32 டிகிரியோடு நிறுத்தி, கதவைச் சிறிது திறந்து வைத்து, வீட்டில் வேறொருவர் இருக்கும்போது மட்டும் பயில வேண்டும்.

சென்னை, யாழ்ப்பாணம், கொழும்பு போன்ற கடலோர ஊர்களில் வாழ்பவருக்குச் சூடேற்றும் கருவி எதுவும் தேவையில்லை. அங்கே கோடைக்காலத்தில் காற்று 30 டிகிரியைத் தாண்டி ஈரத்தோடு இருப்பதால், வியர்வை காயாமல் வழிவது சூடேற்றிய அறையில் நிகழ்வதைப் போன்றதே. மின்விசிறியை நிறுத்திவிட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டு பயில்வோர் சிலரை ஊருக்குச் சென்றபோது பார்த்தேன். விசிறியின் காற்றுதான் வியர்வையைக் காயவைக்கிறது என்பதால், அவர்கள் தங்களுக்கு எஞ்சியிருந்த ஒரே குளிர்ச்சியையும் அடைத்துவிடுகிறார்கள். அத்தகைய ஊர்களில் விடியலுக்கு முன், விசிறி ஓட, ஜன்னல் திறந்திருக்க, நீர்மோர்ச் செம்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பயில்வதே போதுமான சூடு.